தனி வாசிக்கும்போது காலியான நாற்காலிகள்

ஓசியில் பாட்டு, ஓசியில் டீ என்று யாராவது கூப்பிட்டால், வெளியே போகிற வழி எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்கிற ஆள் நான். போன ஞாயிறு மதியம் ஒனிஹங்காவில் அந்தக் கூடத்துக்குள் அப்படித்தான் நுழைந்தேன். ஆக்லாந்தில் ஒரு காலத்தில் ஜாஸ் வாசித்த இடங்களைப் பற்றிப் படக் கண்காட்சி. ஒரு மூலையில் இளவட்டங்கள் நாலு பேர் வாசிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் யாராவது வந்து எதிலாவது சேரச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஓரத்து மேசையில் பெரிய வெந்நீர்ப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதிகம் கொதித்த தண்ணீர், தேயிலைப் பை, வெண்ணெய் பிஸ்கட் மூன்றும் கலந்த அந்த வாசனை இருக்கிறதே, அது இந்த ஊரில் சபை கூடும் இடத்துக்கெல்லாம் பொதுவானது. எனக்கு மட்டும் அது பாலன் அண்ணனின் கறுப்புப் பெட்டியைத்தான் ஞாபகப்படுத்தும்.

நான் திருச்சியிலிருந்து வந்த புதிதில் த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு வீட்டில் பங்குக்கு இருந்தேன். பக்கத்து அறையில் பாலன் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர். ஒனிஹங்காவில் ஒரு கிடங்கில் வேலை. ஞாயிறானால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியோடு கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால் “சும்மா, உங்க மட்டும்” என்பார், அந்தப் பக்கம் வரைக்கும் என்று அர்த்தமாம். இவ்வளவு சுத்தமாக உடுத்திக்கொண்டு எவனும் சும்மா போக மாட்டான் என்பது என் கட்சி.

ஒருநாள் அவரே சமையலறையில் வந்து நின்றார். “தம்பி, வாற ஞாயிறு பின்னேரம் ஒரு இடத்துக்கு வாரும். தெரிஞ்ச ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாரும். ஏனெண்டு பிறகு சொல்லுறன்.”

ஆள் சேர்த்து ஆள் சேர்த்துப் பணக்காரராகச் சொல்லும் வியாபாரம்தான், வேறென்ன? எதிர்வீட்டு வசந்தா அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா நர்ஸ், மதுரை. சீசனுக்குச் சென்னை போய்க் கச்சேரி கேட்டு வளர்ந்தவர். “எதுவா இருந்தாலும் கையெழுத்து மட்டும் போட்டுராத, நானும் வரேன்” என்றார். எங்களோடு இன்னும் ஏழெட்டுப் பேர், எல்லாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்ற ஒரே உறுதியோடு கிளம்பினோம்.

போனால், ஒரு பழைய கிளப்பின் பின்கூடம். பியர் ஊறிய கம்பளம், வரிசையாக நாற்காலிகள், மேடையில் பாலன் அண்ணனையும் சேர்த்து ஐந்து பேர். பாலன் அண்ணன் பெட்டியைத் திறந்து துண்டு துண்டாக எடுத்து மாட்டினார். கிளாரினெட். பள்ளிக்கூட பேண்டில் படித்ததாம். இங்கே வந்தபின் அவரோடு சேர்ந்து வாசிக்க அவருக்குக் கிடைத்த மனிதர்கள் அந்த நாலு பேர்தான். அந்த ஞாயிறு வாசிப்புதான் சிக்கலில் இருந்தது. கூட்டம் வராவிட்டால், காசு போட்டு விளையாடும் மெஷின்களைப் பின்கூடத்தில் வைத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். எப்போது வேண்டுமானாலும் வந்து எட்டிப் பார்ப்பாராம். அதற்குத்தான் நாங்கள்.

வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாலன் அண்ணன் கொஞ்ச நேரம் தனியாக ஊதிவிட்டு நிறுத்தியதும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள்.

“போதும், நிறுத்துங்கறாங்களோ?” என்றார் அக்கா என் காதில்.

“அப்படித்தான் இருக்கும்” என்றேன். ஒருவர் ஊதி முடித்தால் தட்டுவது இந்த இசையின் வழக்கம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஆளை அவமானப்படுத்துகிறார்கள் என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் மற்ற வாத்தியங்கள் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலித்தது. டிரம்மர் ரான், அறுபது வயது, எப்போதும் கோட்டுக்குள் போடும் கையில்லாச் சட்டை. அவர் தொடங்கியதுதான் தாமதம், வசந்தா அக்கா கைக்குட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தார். நாங்களும் போட்டோம், எழுந்தோம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற சாதியல்லவா? தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் கேண்டீன் பக்கம் போவது எங்கள் ரத்தத்தில் ஊறியது. ஒரு வரிசை முழுக்கக் காலி.

டீயோடு திரும்பினால் பாலன் அண்ணன் வெளிறிப்போய் நின்றார். “என்ன செய்தனீங்கள்? தன்னைத் துரத்தத்தான் நான் ஆக்களைக் கொண்டு வந்தனானாம். ரான் என்னோட கதைக்கிறானில்லை.”

“தனி ஆரம்பிச்சாரு, டீக்குப் போனோம்” என்றார் அக்கா. “நல்லாத்தானே வாசிச்சாரு?”

பாலன் அண்ணன் ரானிடம் போய் விளக்கினார். ரான் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். டிரம்மரை அவமதிக்கத் தனியாக ஒரு பண்பாடே வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு, தன் முறை வந்ததும் குச்சியைத் தூக்கிப் பிடித்து, “டீ வேண்டியவர்கள் இப்போது போகலாம்” என்று அறிவித்தார். கூடமே சிரித்துக்கொண்டு எழுந்தது. வாத்தியக்காரர்களும் இறங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் ரோஷத்தோடு உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார். தன் கணக்கைச் சரிபார்க்க வந்த உளவாளி என்று நினைத்தவர் போல ரான் அவரையே பார்த்து வாசித்தார். கடைசி அடியும் அக்காவின் கையும் ஒன்றாக விழுந்தன. ரான் லேசாகத் தலையை ஆட்டினார். அதன்பிறகு ஞாயிறுதோறும் அதேதான்: ரான் அறிவிப்பார், எல்லாரும் டீக்குப் போவோம், அவர் அக்கா ஒருவருக்காக வாசிப்பார்.

சில வாரங்களில் மேனேஜர் கதவைப் பூட்டினார். காலி நாற்காலிகளைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்லிவிட்டார். முதல் நாள் நாங்கள் எழுந்துபோன நேரத்தில்தான் எட்டிப் பார்த்திருப்பார் என்று பாலன் அண்ணன் முடிவு கட்டிவிட்டார். “என்ர ஆக்களாலயே போச்சுது” என்றார், ஒரே ஒரு தடவை. பெட்டி கட்டிலுக்கடியில் போனது. அப்புறம் அவர் எங்களை எதற்கும் கூப்பிடவில்லை.

இப்போது கண்காட்சிச் சுவரில் அந்தக் கூடம் இருக்கிறது. கிளப் கொடுத்த படமாம். ரான் டிரம்ஸில் குனிந்திருக்கிறார். முன்னால் காலி நாற்காலிகள். நடுவில் ஒரு பெண். ‘கடைசி நாட்களில் ஒரே ஒரு ரசிகை’ என்று கீழே எழுதியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். நாற்காலி ஒவ்வொன்றிலும் ஏதோ கிடக்கிறது: கைக்குட்டை, சால்வை, குடை. அந்தப் பெண் வசந்தா அக்கா. கை தொடைக்கு மேலே தூக்கியபடி நிற்கிறது.

முதல் நாள் அக்காதானே முதலில் எழுந்தார்? அப்படியானால் இது முதல் நாள் இல்லை. டீ எப்போது என்று ஊருக்கே தெரிந்த பிறகு, காலி நாற்காலிக்குச் சாட்சி வேண்டி, சரியாக அந்த நேரம் பார்த்து கிளப்பிலிருந்து யாரோ கேமராவோடு வந்திருக்கிறார்கள்.

ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, இப்போது ஊரின் மேற்கே ஹென்டர்சனில் இருக்கும் பாலன் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“வசந்தா இருக்கிறாவோ படத்தில?”

“ஆமாண்ணே, உக்காந்திருக்காங்க.”

“கை தூக்கியிருக்கோ?”

“ஆமா.”

“அப்ப முதல் நாள் இல்லை” என்றார் மெதுவாக. “உதுக்குள்ள ஏதோ இருக்கெண்டு எனக்கு அப்பவே விளங்கியிருக்க வேணும்.”

ரான் இப்போது இல்லை. அக்கா பிரிஸ்பேன் போய்விட்டார். அந்தப் பின்கூடத்தில் மெஷின்களும் போய் இப்போது யாரோ மெத்தை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை, அவருக்கும் தெரியும்.

“உந்தப் பின்னால கேக்கிறது ஆர்?”

“சின்னப் பசங்க. வாசிக்க ஆரம்பிக்கிறாங்க.”

“கிளாரினெட் இருக்கோ?”

“இல்லண்ணே.”

“ம்” என்றார். கட்டிலை நகர்த்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. “எனக்கொரு கதிரை பிடிச்சு வையும். வாறன்.”

பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பையைத் துழாவினேன். கைபேசி, கார் சாவி, கசங்கிய டிஷ்யூ. கைக்குட்டை வைத்துக்கொள்வதை எப்போது விட்டேன் என்றே தெரியவில்லை. வேறு வழியில்லாமல் எழுந்து ஸ்வெட்டரைக் கழற்றி அந்த நாற்காலியில் விரித்தேன். கேமராவோடு யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிலும் பார்த்துக்கொண்டேன்.