ஒரு டிரம் கடல்

இறால்

மணலில் மல்லாந்து கிடந்த இறாலை இடுக்கியால் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று காலை உதறிக்கொண்டு விழுந்தது. கடல்நீர்த் தொட்டி பராமரிக்கிறவனுக்குத் துக்கச் செய்தி முதலில் இறாலிடமிருந்துதான் வரும். மீன்கள் தாமதமாகச் சொல்லும். பவளங்கள் விரித்திருந்த கைகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. முந்தின நாள்தான் பாதித் தண்ணீரை மாற்றியிருந்தேன்.

சிவகாசியில் பட்டாசு ஆலை முதலாளி ஒருவரின் வீட்டுக் கூடம் அது. ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் உட்காரப்போவது தொட்டிக்கு எதிரில். முதலாளியின் மனைவி பின்னால் வந்து நின்றார்.

“வாரவுக கண்ணுல செத்தது எதுவும் படக் கூடாது தம்பி. பட்டுச்சுன்னா நீங்க பெறவு இந்தப் பக்கம் வர வேண்டாம்.”

கழுவிய டிரம்

வழக்கமாக உப்புத் தண்ணீரைத் திருத்தங்கலில் என் வீட்டிலேயே கலந்து பைக்கில் கொண்டுவருவேன். இந்த முறை நிறைய மாற்ற வேண்டியிருந்ததால் அங்கேயே கலக்க ஒரு டிரம் கேட்டேன். ஆலையிலிருந்து வந்தது. வாடையில்லை, அழுக்கில்லை. முன்பு அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கம் யாரும் கேட்பதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் கை கழுவுவதும் மாடு தண்ணீர் குடிப்பதும் ஆலை டிரம்மில்தான்.

தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து மருந்து விட்டேன். நிறம் மாறியது. செம்பு. இறாலையும் பவளத்தையும் கொல்ல அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். ஆலை போர்மேனுக்குப் போன் போட்டேன்.

“ஆமாண்ணே, நீல மத்தாப்புக்குப் போடுற மருந்து இருந்த டிரம்தான். மூணு தடவை கழுவ வச்சுத்தான் அனுப்புனேன். மீன்தொட்டிதான, வெடிக்கவா போகுது?”

திரும்பத் திரும்ப

என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. செம்பு பாறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாம் தண்ணீரை மாற்ற மாற்ற, பாறை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். திருத்தங்கலுக்கும் அந்த வீட்டுக்குமாகத் தண்ணீர் சுமந்தேன். செம்பை உறிஞ்சட்டும் என்று கரி மூட்டைகளைத் தொட்டிக்குள் போட்டு எடுத்தேன். மீன்கள் பிழைத்தன. பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்து, கடைசியாக மிஞ்சியதும் சனிக்கிழமை காலையில் எலும்பாக நின்றது. முதலாளி கோபப்படவில்லை.

“எதுக்குய்யா இம்புட்டுப் பாடு? மதுரையில பிளாஸ்டிக்குலயே விக்காங்களாமே.”

எதிரில் உட்கார்ந்தவர்கள்

ஆரஞ்சு, ஊதா, ரோஜா நிறங்களில் பிளாஸ்டிக் பவளங்கள் வந்தன. நானே செத்தவற்றைப் பெயர்த்தெடுத்துவிட்டு அவற்றை நட்டேன். மாப்பிள்ளையின் அப்பா தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்து, “என்னமா உசுரோட இருக்கு!” என்றார். பெண்ணைப் பிடித்துவிட்டதாகக் காபி குடிக்கும்போதே சொல்லிவிட்டார்கள். அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த முதலாளி என் தோளைத் தட்டினார்.

“இனிமே மாசம் ஒருக்க வந்து தொடச்சு விட்டாப் போதும் தம்பி.”

வாசலில்

டிரம்மைத் திருப்பிக் கொடுக்க, ஆலை இருக்கும் எம். புதுப்பட்டிக்குப் போனேன். ஆலை வாசலில் டிரம் கழுவும் முத்துமாரி, எதற்கு உள்ளே கொண்டுபோகிறீர்கள், எனக்குக் கொடுங்கள் என்றாள். அவள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறதாம், குடிக்கிற தண்ணீர் அவற்றில்தானாம். பவளங்கள் செத்த கதையைச் சொன்னேன். சிரித்தாள்.

“அது சொகுசா வளந்த சீவன்ணே. எங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

எவ்வளவு செம்பு இருந்தால் பவளம் சாகும் என்பதற்கு என் பையில் ஒரு நிற அட்டை இருக்கிறது, முத்துமாரியைப் பற்றி அதில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் கடல்நீர் கொண்டுபோகும் இரண்டு காலிக் கேன்களையும் பைக்கிலிருந்து அவிழ்த்து அவளுடைய சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டிரம்மை மறுபடியும் பின் சீட்டில் கட்டினேன்.