தோணிரேவுக்கு வந்த புரொட்யூசர்

போன சனிக்கிழமை எங்கள் பக்கத்து வீட்டில் கல்யாணம். மறுநாள் அந்த வீட்டம்மா மிஞ்சிய கேக்கைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அத்தனை பேர் கூடி, சாப்பிட்டு, ஆடிக் கலைந்திருக்கிறார்கள். என் காதில் ஒன்றும் விழவில்லை. “சத்தம் தொந்தரவாக இருந்திருந்தால் மன்னியுங்கள்” என்றார். “சத்தமே வரவில்லையே” என்று நான் நிஜமான வருத்தத்தோடு சொன்னேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். இந்த அமெரிக்க ஊரில் எனக்கு இன்னும் பழகாதது குளிரல்ல, சத்தமில்லாத இந்தக் கல்யாணங்கள்தான்.

நான் மைக் செட்டுக்காரர் மகள். பழவேற்காடு ஏரியோரம் தோணிரேவில் நைனாதான் மைக் செட் வாடகைக்கு விடுவார். கல்யாணமோ காதுகுத்தோ, மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினால் எதிர்க்கரைக்கும் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து ரெக்கார்டு மாற்றுவது என் வேலை. எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், பூநாரை பார்க்கத் தோணியில் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், எங்கள் சத்தத்தைக் கேட்டுத் தோணியைக் கரைக்குத் திருப்பச் சொன்னார். முதுகில் எலெக்ட்ரிக் கித்தார். எங்கே போனாலும் அதை விட்டுவிட்டுப் போகாதவர், ஆனால் வெகுகாலமாக வாசிக்காதவர். அதை எங்கள் ஆம்ப்ளிஃபயரில் சேர்க்க முடியுமா என்று கையைக் காட்டிக் கேட்டார். மைக் வயரைக் கழற்றிவிட்டு அவருடைய வயரை ஒட்டிக் கொடுத்தேன். மரத்து உச்சியிலிருந்து கித்தார் மூக்கால் பாடியது. அவர் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

அவர் பெயர் ராய். பிறகு அவரே சொன்ன கதை இது: சொந்த நாட்டில் ஒரு ராக் குழுவில் ஊர் ஊராக வாசித்தவர். அவர்களுடைய பாட்டொன்று ரேடியோவில் நன்றாக ஓடியது. மற்றவர்கள் பாட்டுகளையும் ஸ்டுடியோவில் இருந்து தயாரித்துக் கொடுத்திருக்கிறார். அப்புறம் குழுவுக்குள் சண்டை வந்து ஆளுக்கொரு திசை போனார்கள். தன் கித்தாரின் சத்தமே தனக்குக் கசந்துவிட்டதாம். எங்கள் குழாயில் வந்தது தன்னுடைய சத்தம் மாதிரியே இல்லாததால்தான் அவருக்குப் பிடித்துப்போனது.

“இன்னா வேலைப்பா உனுக்கு?” என்று நைனா கேட்டார். பழவேற்காட்டில் கடை வைத்திருந்த காசிம் பாய்க்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். அவர் விசாரித்து, “புரொட்யூசராம்” என்றார்.

அந்த வார்த்தைக்கு எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். நைனா ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார்.

மறுநாள் காலையில் ஊரே எங்கள் வாசலில் நின்றது. ஆண்கள் தலைமுடியை எண்ணெய் வைத்துச் சுருட்டிவிட்டிருந்தார்கள். பெண்கள் திருவிழாப் புடவையில் வந்திருந்தார்கள். பாட வந்திருக்கிறார்கள் என்று நினைத்த ராய், டேப் ரெக்கார்டரை எடுத்து வைத்தார். ஒருவர் வசனம் பேசினார். இன்னொருவர் அழுது காட்டினார். வலை இழுக்கிறவர்கள் வரிசையாக நின்று தங்கள் பாட்டைப் பாடினார்கள். இறால் ஏலம் விடும் கன்னியம்மா, தன் ஏலத்தையே ராகம் போட்டுக் கூவினாள். ராய் எல்லோரையும் இன்னொரு தடவை பாடச் சொன்னார். ஊருக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துத்தான், “படம் எப்போ?” என்ற கேள்வி வந்தது. காசிம் பாய் ராயிடம் கேட்டுவிட்டு முகம் மாறி நின்றார். “சினிமா இல்லியாம்பா. பாட்டு மட்டுந்தானாம்.” “ஊரு முன்னால என் மானம் பூட்ச்சி” என்று நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு பேர் ராயின் பெட்டியைத் தூக்கித் தோணியில் வைக்கவே போனார்கள். அவர் போய்விடுவார் என்றபோதுதான் எனக்கே என் மனசு தெரிந்தது.

கன்னியம்மாதான் முன்னால் வந்தாள். “அப்போ மூஞ்சி தெரியாதா?”

“தெரியாதாம்” என்றார் காசிம் பாய்.

“நல்லதா போச்சி. பல்லு இல்லாதவங்களும் பாடலாம். பொட்டிய எறக்குங்கடா.”

முதலில் சிரித்தவர் நைனா. பெட்டி இறங்கியது.

அந்த ஒலிப்பதிவுகளோடு ராயின் கித்தாரும் சேர்ந்து கேசட்டாக வந்தது. ஆந்திர எல்லையில் எளாவூர் சோதனைச்சாவடியில் காத்துக் கிடக்கும் லாரி டிரைவர்கள் அதை வாங்கி ஆந்திரா முழுக்கக் கொண்டுபோனார்கள். ராய் எங்கள் ஊரிலேயே தங்கி, கேசட்டுக்கு மேல் கேசட்டாகத் தயாரித்தார். தமிழ் கற்றுக்கொண்டார், தோணிரேவுத் தமிழ். அதிலேயே நைனாவிடம் என்னைக் கேட்டார்: “எல்லம்மா வயரு ஒட்னாதான் நைனா என் கித்தாரு பாடுது.” நைனா ஒரே நிபந்தனை போட்டார். “கண்ணாலத்துக்கு மைக் செட்டு நம்மளுதுதான். வேற ஆள வைக்கக் கூடாது.” எங்கள் கல்யாணம் எதிர்க்கரைக்கும் கேட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் ராய் அனுப்பிய எங்கள் கேசட்டைக் கேட்டுவிட்டு, அமெரிக்காவில் தான் ஆரம்பிக்கும் ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லி டிரங்க் காலில் கூப்பிட்டார். ராய் தயங்கினார். “போலாம், நானும் வர்றேன்” என்றேன். இன்று அவர் பேர் சொல்லும் புரொட்யூசர். ஸ்டுடியோவில் வயர் வேலை என்னுடையது. பேட்டி எடுக்க வருகிறவர்கள், “வெளிநாட்டில் காணாமல் போன வருடங்கள்” என்று ஆரம்பிப்பார்கள். “காணாமல் போகவில்லை, வேலையில் இருந்தேன்” என்பார் ராய். அதை நகைச்சுவை என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

ஊருக்குப் போகும்போது மெட்ராஸ் விமான நிலையத்தில் எங்களைப் பிரித்துவிடுவார்கள். நான் இந்தியர் வரிசை, அவர் அந்நியர் வரிசை. திரும்பி அமெரிக்காவில் இறங்கினால் அந்நியர் வரிசை எனக்கு. போன முறை மெட்ராஸில் அவருடைய வரிசை நகரவே இல்லை. “எல்லம்மா, நைனா வெளிய நின்னுக்கினு இருப்பாரு. நீ மொதல்ல போ, நான் வந்துக்கினே கீறேன்” என்று அங்கிருந்து சத்தம் போட்டார். இரண்டு வரிசையும் திரும்பிப் பார்த்தன. முத்திரை குத்த இருந்த அதிகாரி கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். நான் போகவில்லை. என் வரிசையை விட்டு விலகி, நடுவில் கட்டியிருந்த கயிற்றோரம் வந்து நின்றேன். அவர் ஓரடி நகர்ந்தால் நானும் ஓரடி நகர்ந்தேன். கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, பேசிக்கொண்டே போனோம்.