நிற்பதற்காக வைத்த கரண்ட்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி முடியப்போகிற சமயம். கோவையில் ஒரு மருத்துவமனை. கதிர்வீச்சு டாக்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தோம்: அக்கா, மாமா, அவர்களுடைய மகள், நான். மகளுக்கு இருபத்திரண்டு வயது. வந்தது அபூர்வமான புற்றுநோய். மருந்துக்கு அடங்காமல் இடுப்பெலும்பு வரை பரவியிருந்தது. சாய்ந்தால் வலி, சாயாவிட்டாலும் வலி. நிற்பதோ முடியவே முடியாது.

"இது நோயைக் குணப்படுத்தாதுங்க. வலியைக் குறைக்கும்," என்றார் டாக்டர்.

கதிர்வீச்சை எங்கள் பக்கம் 'கரண்ட் வைப்பது' என்போம். வெளியே வந்ததும் மாமா வெடித்தார். "கொணமாகாதுன்னா புள்ளைக்கு எதுக்குக் கரண்ட் வெக்கோணும்? இன்னும் நோகடிச்சுப்போட்டு..."

எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

சக்கர நாற்காலியிலிருந்து அவள் நிமிர்ந்தாள். "ஏனுங்கப்பா, பொழைக்கறதுக்குன்னு ஆரு சொன்னா? ஆவணியில அண்ணன் கல்யாணத்துல நான் நிக்கோணுமுங்க."

இணைச்சீர்! முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளும் ஒரே சேலையால் இணைந்து நிற்கிற சீர். பாவம், இவளை அலைக்கழிக்க வேண்டாமென்று, இவளுடைய பெரியப்பா மகளை நிற்கவைப்பதாக நாங்களே பேசி முடித்திருந்தோம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கரண்ட் வைத்த மறுநாள் வலி கூடியது. அப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கிடந்தாள், கிடந்தாள். பிறகு ஒரு நாள் காலையில், சுவரைப் பிடித்தபடி சமையலறைக்கே வந்து, "காப்பி இருக்குதாம்மா?" என்றாள். பால் பொங்கி வழிந்ததை அக்கா கவனிக்கவே இல்லை.

மண்டபத்தில் சீர் முடியும்வரை நின்றாள். பின்னால், நாற்காலியைத் தயாராகப் பிடித்தபடி மாமா. அழுகையை அடக்க முடியாமல் அண்ணன் குலுங்கினான்.

"ஆடாம நில்லுண்ணா. உன்னையுஞ் சேத்தி நாந்தான் தாங்கோணுமாட்ட இருக்குது!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மாமாவும்.

தை மாதம் வரை இருந்தாள்.

குணமாகாது என்று டாக்டர் சொன்னதும், இனி அவளுக்கு வேண்டியது ஒன்றுமில்லை என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம். இப்போது நோயாளி யாரையாவது பார்க்கப் போனால், கூட இருப்பவர்களிடம் 'சரியாயிடுமா?' என்று விசாரிப்பதில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேணும் என்று அவரிடமே கேட்கிறேன்.