ஸ்டியரிங்கில் தொங்கிய கை

மரக்கிடங்கில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முடிச்சக்கா என்றால்தான் தெரியும். லாரியில் ஏற்றிய மரக்கட்டைகளைக் கயிறு போட்டு இறுக்குவது அவள் வேலை. ஆளைப் பார்த்தால் ஒரு கட்டையைக்கூட உருட்டமாட்டாள் போல இருக்கும். கயிற்றைக் கையில் எடுத்துவிட்டாலோ, நாலு ஆம்பளைகள் சேர்ந்து இழுத்தாலும் அசையாதபடி கட்டிவிட்டு, "எங்க, இப்ப அசைச்சுக் காட்டுங்க பார்ப்போம்" என்று இடுப்பில் கை வைத்து நிற்பாள். அவள் போடும் முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். கடைசியில் நுனியை உள்பக்கமாகத் திருப்பி இரண்டு தடவை செருகுவாள். அந்தச் செருகல் வேறு யாருக்கும் வராது.

அவள் கட்டிய லோடுகளை ஓட்டிப்போன ஒரு டிரைவர்தான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். வாயைத் திறந்தால் டீசல் செலவாகும் என்று நினைக்கிற மனிதர். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசுவாள். டயர் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் வேர்வை. அந்த அறையில் அவள் புருஷனை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவாள். 'நீ' என்று வந்துவிட்டால் அன்றைக்கு டிரைவர் பாடு திண்டாட்டம் என்று கீழே டயர் கடைக்காரருக்கே தெரியும்.

விபத்து நடந்த அன்றும் அவள் கட்டிய லோடுதான். இறக்குமிடத்தில் டிரைவரே கயிற்றை அவிழ்த்தார். கடைசிச் சுற்று அவிழ்ந்ததும் லாரியின் பக்கவாட்டில் கட்டைகளைத் தாங்கி நின்ற இரும்புக் கம்பம் ஒடிந்தது. மேலே இருந்த கட்டை உருண்டு அவருடைய வலது கையின் மேல் விழுந்தது. முழங்கைக்குக் கீழே டாக்டர்களால் எதையும் காப்பாற்ற முடியவில்லை.

செய்தி வந்தபோது அவள் வேறொரு லாரியின் மேல் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள். அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள். கம்பம் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது, முடிச்சின் மேல் குற்றமே இல்லை என்று கிடங்கு முதலாளியிலிருந்து கூலியாட்கள் வரை எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். "நான் கட்டுன லோடுதானே?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அதோடு சரி. கிடங்குப் பக்கம் போகவில்லை, கயிற்றைத் தொடவில்லை. வீட்டில் துணி உலர்த்தும் கொடியைக்கூட டிரைவரின் தங்கைதான் வந்து கட்டிவிட்டுப் போனாள்.

ஆனால் சும்மா இருக்கத் தெரியாத கைகள் அவை. கயிற்றை விட்டதும் புருஷனைப் பிடித்துக்கொண்டன. சட்டைப் பொத்தான், செருப்பு வார், தண்ணீர் பாட்டிலின் மூடி, செயற்கைக் கையைத் தோளோடு பிணைக்கும் பட்டை, எல்லாம் அவள்தான். அவர் கையை நீட்டுவதற்குள் இவள் செய்து முடித்திருப்பாள். அவரும் பள்ளிக்கூடம் போகும் பையனைப் போல நின்று காட்டிவிட்டு, கிடங்கின் எடைமேடை ஜன்னலுக்கு வேலைக்குப் போவார். வண்டிகள் வந்து எடை போட்டுப் போகும். தான் ஓட்டிய லாரியை வேறொருவன் கியர் கதறக் கதற ஓட்டிப்போவதை அந்த ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இடது காலால் இல்லாத கிளட்ச்சை மிதித்துக்கொண்டே தூங்கிப்போவார். அதைப் பார்த்துவிட்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

கை கால் குறைந்தவர்களும் தேர்வில் ஜெயித்தால் லாரி, பஸ் ஓட்டலாம் என்ற சேதியைக் கொண்டுவந்ததே அவள்தான். முதலாளி வீட்டு வாசலில் போய் நின்று, "லைசென்ஸ் வாங்கிட்டு வந்தா வண்டி குடுப்பீங்களா மாட்டீங்களா, ஒரே சொல்லா சொல்லுங்க" என்று கேட்டு வாக்கு வாங்கினாள். செயற்கைக் கை செய்கிறவரிடம் கூட்டிப்போய் நுனியில் கொக்கி வைத்த புதுக் கை செய்வித்தாள். இடது கை கியரைப் பார்த்துக்கொள்ளும். கொக்கிக் கை ஸ்டியரிங்கில் பொருத்திய ஒரு வளையத்தில் உட்கார்ந்து வண்டியைத் திருப்பும்.

"கொக்கி வளையத்துல சும்மா உக்காரணும், ஒட்டிக்கக் கூடாது" என்றார் கை செய்தவர். "திருப்பும்போது வளையம் தானா சுத்திக்கும். அவசரத்துல இழுத்தா கொக்கி வெளிய வந்துடணும். வரலைன்னாதான் ஆபத்து."

அவள் காதில் 'வெளிய வந்துடும்' என்பது மட்டும்தான் விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு.

லைசென்ஸ் அலுவலகத்து அதிகாரி ஒரு பெண். டிரைவரைவிட வயதில் சின்னவள், குரல் மட்டும் பெரியது. மருத்துவப் பரிசோதனைக்குப் போன அன்றே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். "ஓட்டத் தெரியுமான்னு மட்டும் நான் பார்க்க மாட்டேன். ரோட்டுல இவர் தனியா இருப்பாரு. கையை மாட்டுறதுலேர்ந்து லோடு கயித்தை இறுக்குற வரைக்கும் எல்லாம் இவரேதான் செய்யணும். உதவிக்கு ஆள் வேணும்னு நான் எழுதிட்டேன்னா, லாரி, பஸ் ரெண்டும் இந்த ஜென்மத்துல இவருக்குக் கிடையாது."

முடிச்சக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் வராததுமாக டிரைவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

தேர்வு நாள் வந்தது. அலுவலகத்துக்குப் பின்னால் பெரிய சிமென்ட் மைதானம். மணல் மூட்டைகள் ஏற்றிக் கட்டிய லாரி ஒன்று நின்றது. கம்பி வேலிக்கு வெளியே லைசென்ஸுக்கு வந்த கூட்டம். டிரைவர் ஏறி உட்கார்ந்து வளையத்தைப் பொருத்தினார், கொக்கியை அதில் வைத்தார். அதிகாரி வண்டிக்குப் பின்னால் போய் மணல் மூட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் முடிச்சக்காவுக்கு என்ன ஆனது என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. வண்டிப் படியருகே நின்றவள், கொக்கி வளையத்தில் லேசாக ஆடுவதைப் பார்த்தாள். நழுவிவிடும், இப்போதே நழுவிவிடும் என்று தோன்றியது. வண்டிக் கதவின் உள்பையில் மெல்லிய நைலான் கயிறு ஒன்று கிடந்தது. படியில் தாவி ஏறினாள். கயிற்றை எடுத்தாள். கொக்கியையும் வளையத்தையும் சேர்த்து நாலு சுற்று. பிறகு அவளுடைய முடிச்சு, உள்பக்கமாக இரண்டு செருகல். டிரைவர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அவள் சட்டைக் கையை அதன் மேல் இழுத்துவிட்டு, இறங்கி வேலிக்கு வெளியே ஓடி நின்றுகொண்டாள்.

அதிகாரி வந்து பக்கத்து இருக்கையில் ஏறினாள். வண்டி கிளம்பியது. மைதானத்தில் எட்டுப் போட வேண்டும். முதல் வளைவு அகலமானது, ஒழுங்காகத் திரும்பியது. வேலிக்கு வெளியே முடிச்சக்கா மூச்சு விட்டாள்.

இரண்டாவது வளைவு குறுகலானது. ஸ்டியரிங்கை முழுதாகச் சுற்றினால்தான் வண்டி திரும்பும். வளையம் சுழல வேண்டும், கயிறு அதைச் சுழலவிடவில்லை. லாரியின் முன்கண்ணாடி வழியாக அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். ஸ்டியரிங் சுற்றியது, கூடவே கொக்கிக் கை முறுக்கிக்கொண்டது. டிரைவரின் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு தன் வேலையைச் செய்தது. பட்டை தோளிலிருந்து நழுவ, கை அவர் உடம்பைவிட்டுக் கழன்று, ஸ்டியரிங்கோடு சேர்ந்து மேலே போய்க் கீழே வந்தது.

"கை போச்சு! ஐயோ, ஆளோட கை போச்சு!" என்று கூட்டத்தில் ஒருவன் அலறினான். ஒரு பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி போட்ட சத்தம் மூடிய கண்ணாடியைத் தாண்டி வெளியே கேட்டது. முடிச்சக்கா வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மறுபடியும் நான் கட்டியதுதான் என்ற ஒரு நினைப்பைத் தவிர அவளுக்குள் வேறு எதுவும் இல்லை.

லாரி மட்டும் பதறவில்லை. டிரைவர் மிச்சமிருந்த முழங்கையை ஸ்டியரிங்கில் வைத்து அழுத்தி, இடது கையால் திருப்பி, எல்லைக் கம்பத்தை உரசாமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார்.

அதிகாரி கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். சுற்றி வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தொங்கும் கையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். முடிச்சை அவிழ்க்கப் பார்த்து நகம்தான் ஒடிந்தது.

"யார் கட்டினது இது?"

"நான்தான் மேடம்" என்றார் டிரைவர்.

முடிச்சக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் பொய் சொல்லி அவள் பார்த்ததே இல்லை.

"ரெண்டு கை இருக்கிற என்னால இதை அவுக்கக்கூட முடியல. ஒத்தைக் கையால நீங்க கட்டினீங்களா? நான் அதை நம்பணுமா?" அதிகாரியின் கண் வேலிப் பக்கம் திரும்பியது.

முடிச்சக்கா வாயைத் திறந்தாள். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. உதவிக்கு ஆள் வேண்டும் என்று எழுதிவிட்டால் எடைமேடை ஜன்னல்தான் சாகிறவரைக்கும்.

"மறுபடி கட்டிக் காட்டவா மேடம்?" என்றார் டிரைவர்.

இடது கட்டைவிரலால் நுனியை ஓரிடத்தில் தள்ளினார், முடிச்சு விட்டுக்கொடுத்தது. பிறகு கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்தார், முழங்கையால் சுற்றை அமுக்கிப் பிடித்தார், விரல்கள் போய்ப் போய் வந்தன. நாலு சுற்று. இறுக்கு. நுனியை உள்பக்கமாகத் திருப்பி ஒரு செருகல், இன்னொரு செருகல்.

அவளுடைய முடிச்சு. அச்சு அசலாக அவளுடையது. அதைப் போட அவளுக்கே இரண்டு கை வேண்டும்!

அதிகாரி கயிற்றை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. டிரைவரையும் வேலிக்கு வெளியே நின்றவளையும் மாறிமாறிப் பார்த்தாள். "முதல்ல யார் கட்டினாங்கன்னு இனிமே நான் கேட்கல. உங்களால முடியும்னு கண்ணால பார்த்துட்டேன். ஆனா இந்தக் கயிறு இன்னொரு தடவை ஸ்டியரிங் பக்கம் வந்துச்சுன்னா லைசென்ஸை நானே கிழிச்சுப் போடுவேன். அவுத்துட்டு, கையை மாட்டிக்கிட்டு, முதல்லேர்ந்து ஓட்டுங்க. ஏம்மா, நீங்க அங்கேயே நில்லுங்க!"

அவர் ஒரே கையால் பொத்தான்களை அவிழ்த்தார். பட்டையைத் தோளில் ஏற்றிப் பல்லால் இழுத்து இறுக்கினார். பொத்தான்களை மறுபடி போட்டார். அவள் போட்டுவிடுவதைவிடச் சீக்கிரம். எட்டுப் போட்டார், மேட்டில் நிறுத்தி எடுத்தார், பின்னால் வந்து சந்துக்குள் விட்டார், ஓடும் வண்டியைச் சட்டென்று நிறுத்தினார். கொக்கி வளையத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. நழுவவேயில்லை.

"லைசென்ஸ் வீட்டுக்கு வந்து சேரும்" என்று சொல்லிவிட்டு அதிகாரி நேராகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள்.

டிரைவர் இறங்கி வந்தார். முடிச்சக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்போலேர்ந்து?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த புதுசுலயே. எடைமேடையில வண்டி வராத நேரத்துல பழகிக்கிட்டேன்."

"அப்ப நான் பொத்தான் போட்டது, பட்டை மாட்டினது? என்னை முட்டாளாக்கிட்டு நின்னியா நீ?"

'நீ' வந்துவிட்டது. டிரைவர் தரையைப் பார்த்தார். "கயித்தை விட்டுட்ட. உன் கைக்கு வேற எதுவும் இல்ல. இதையாவது செய்யட்டும்னு இருந்தேன்."

"இன்னிக்கு? இன்னிக்கு உனக்கு என்ன கேடு? வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்? உனக்குத் தெரியும்ல அது சுத்த விடாதுன்னு? பக்கத்துல அந்தப் பொண்ணு வேற உக்கார்ந்திருந்துச்சே! லைசென்ஸ் போயிருக்கும், ஆளே போயிருப்பியேடா பாவி!"

அவர் கொக்கியில் ஒட்டியிருந்த நைலான் நாரைப் பிய்த்துப் போட்டார்.

"தப்புதான். மூணு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் கயித்தை எடுத்த. எப்படி வேணாம்னு சொல்றது?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குழாயடியிலிருந்து திரும்பிய அதிகாரி, தேர்வில் ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனாள். சந்தோஷமா, கோபமா, இத்தனை நாள் ஒரே அறையில் இருந்தும் இந்த மனிதரைத் தெரியாமல் போனதே என்ற அதிர்ச்சியா, அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

சட்டென்று நிறுத்தியதில் மணல் மூட்டைகள் முன்னால் சரிந்து, லோடு கயிறு தொய்ந்து கிடந்தது. அவள் கண்ணில் அது பட்டது. பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு டயரில் கால் வைத்து ஏறினாள். ஒரு தடவை கயிறு நழுவியது, திட்டிக்கொண்டே மறுபடி எடுத்தாள். டிரைவர் கீழேயே நின்றார், உதவிக்கு வரவில்லை. இறுக்கி, நுனியைத் திருப்பி, இரண்டு தடவை செருகினாள்.

"அசையுதா பாருங்க" என்றாள் மேலேயிருந்து.

அவர் கொக்கியைக் கயிற்றில் மாட்டி, உடம்பு முழுக்கச் சாய்ந்து இழுத்துப் பார்த்தார்.

"அசையல" என்றார்.