நாத்தனாரின் எறும்பு

ஓவியக் கூடத்தில் அவளுக்குப் பெயர் பஞ்சக்கா. பழைய ஓவியங்களுக்கு முகம் கழுவிவிடுவது அவள் வேலை. அதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவள். அலமாரி நிறைய மருந்துப் புட்டிகளும் உண்டு. ஆனால் மேல் அழுக்கை எடுக்க அவள் நம்புவது ஒன்றைத்தான். குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் வைத்து ஈரமாக்கி, ஓவியத்தின் மேல் மெதுவாக உருட்டுவாள். இந்தத் தொழிலில் இருக்கும் பலரும் செய்வது இதைத்தான், வெளியே சொல்வதில்லை. பஞ்சக்காவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பெரிய மனிதர்கள் சுற்றிப் பார்க்க வந்தால், "இந்த ராணியம்மா மூஞ்சி பளபளன்னு இருக்குல்ல? எல்லாம் நம்ம எச்சில்தாங்க" என்று போட்டுவிட்டு, அவர்கள் முகம் போகிற போக்கை ரசிப்பாள்.

எல்லாரையும்விட அதிகமாக முகம் சுளிப்பவள் கூடத்தின் இயக்குநர். அவள் வேறு யாருமல்ல, பஞ்சக்காவின் கணவருடைய தங்கை. ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்தார்கள். வீட்டில் இவள் அண்ணி, அவள் நாத்தனார். அலுவலக வாசலைத் தாண்டினால் அவள் மேடம். அண்ணி காப்பி குடித்த டம்ளரை நாத்தனார் இரண்டு தடவை கழுவுவாள். கேட்டால், "செத்துப்போன ராஜா மூஞ்சியெல்லாம் தொடைக்கற வாய் அண்ணி அது" என்பாள். நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன்காரர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

பெரிய கூடத்து நடுச்சுவரில் ஒரு பழக்கூடை ஓவியம் இருந்தது. திராட்சை, பாதி உரித்த எலுமிச்சை, ஒரு வெள்ளிக் கத்தி. பேரிக்காய் மேல் ஒரு ஈ, இலையில் ஒரு கம்பளிப்பூச்சி, நூல் விட்டுத் தொங்கும் ஒரு சிலந்தி. பழம் எவ்வளவு மினுக்கினாலும் ஒருநாள் அழுகத்தான் போகிறது என்று சொல்ல, அந்தக் காலத்து ஓவியர்கள் இப்படிப் பூச்சிகளை உட்காரவைப்பார்கள். பார்க்கிறவன் நிஜ ஈ என்று கையை வீசி அசடு வழியட்டுமே என்ற ஆசையும் சேர்ந்ததுதான்.

இவை போக, திராட்சையை விட்டுவிட்டுக் கத்தியை நோக்கிப் போகிற ஓர் எறும்பு. நாத்தனார் டாக்டர் பட்டம் வாங்கியதே இந்த எறும்பை வைத்துத்தான். கையிலிருக்கும் இனிப்பை விட்டு வெள்ளியைத் தேடி ஓடும் மனித ஆசை, ஓவியத்தின் உயிரே இந்த எறும்பு என்று முந்நூறு பக்கம் எழுதியிருந்தாள். புத்தகத்தின் அட்டையிலும் எறும்புதான்.

அந்த ஓவியத்தில் கைவைக்க வேண்டும் என்று பஞ்சக்கா கேட்காத நாளில்லை. ஒவ்வொரு முறையும் அதைச் சுத்தம் செய்ய வெளியாள்தான் வந்தான், மேலோடு தூசி தட்டிவிட்டுப் போனான். பஞ்சக்கா சிரித்துச் சமாளித்தாலும் உள்ளுக்குள் அது வலித்தது. 'நம் கைமேல் இவளுக்கு நம்பிக்கை இல்லை' என்று நினைத்துக்கொண்டாள். அதனால் இந்த வருடம் ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி அவள் அறைக்கே அனுப்பியபோது தலைகால் புரியவில்லை.

"எறும்புகிட்ட மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க, அண்ணி" என்றாள் நாத்தனார். அலுவலகத்தில் அண்ணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தாள். ஈயைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள், கம்பளிப்பூச்சிக்கு மயிர் மயிராக அழுக்கெடுத்தாள். எறும்பின் பக்கத்தில் பஞ்சை உருட்டியபோது, பஞ்சோடு ஒரு கால் வந்துவிட்டது.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். காலில் ரோமம் இருந்தது. இன்னொரு தரம் லேசாக உருட்ட, எறும்பு முழுசாகவே பஞ்சுக்கு வந்து சேர்ந்தது. அடியில் மேசைவிரிப்பின் வண்ணம் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. என்றோ யாரோ பூசிய வார்னிஷின் ஈரம் காயுமுன் ஊர்ந்து வந்து மாட்டிக்கொண்ட நிஜ எறும்பு!

பஞ்சக்கா மேசையில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முந்நூறு பக்கம்! பிறகு அந்தப் புத்தகத்தின் அட்டை நினைவுக்கு வந்தது, சிரிப்பு அடங்கிவிட்டது. சொன்னால் நாத்தனாரின் பெயர் சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால், ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய ஓவியத்தில் எறும்பைத் துடைத்தெறிந்தவள் என்ற பெயர் இவளுக்கு. எப்படிப் பார்த்தாலும் இனி இந்தச் சுவர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

ஓவியர் போடாததைப் போடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். பஞ்சக்கா அதை ஓரமாக வைத்துவிட்டு, மெல்லிய தூரிகையை எடுத்து, நீர்வண்ணத்தில் அதே இடத்தில் ஓர் எறும்பைப் போட்டாள். அழகான எறும்பு. பக்கத்திலிருந்த ஈ கொஞ்சம் மட்டமாகத் தெரிந்தது.

கடைசிக் காலைப் போடும்போது கதவு திறந்தது. நாத்தனார் வந்தாள், பூதக்கண்ணாடியை எடுத்தாள், குனிந்தாள், வெகுநேரம் நிமிரவே இல்லை.

"பழைய எறும்புக்கு ஒரு மீசை ஒடஞ்சிருக்கும், அண்ணி. இதுக்கு ரெண்டும் இருக்கு. அது எங்க?"

பஞ்சக்கா அந்த நிஜ எறும்பை எடுத்து வைத்திருந்த தீப்பெட்டியைத் திறந்து காட்டினாள்.

"இது நிஜ எறும்புன்னு உனக்குத் தெரியுமா?"

"புத்தகம் அச்சாகி வந்த வாரமே தெரியும். யார்கிட்ட சொல்றது? அன்னையிலேருந்து அது என்னைக் கடிச்சிக்கிட்டேதான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட குடுத்த?"

"வெளியாளுங்க தொடைச்சா எறும்பு அப்படியே இருக்கும்னு தெரியும். நீங்க தொடைச்சா இருக்காதுன்னும் தெரியும். இத்தனை வருஷம் உங்களுக்குக் குடுக்காததுக்கும் அதான் காரணம், இப்பக் குடுத்ததுக்கும் அதான் காரணம்."

பஞ்சக்கா தூரிகையைக் கீழே வைத்தாள்.

"நீங்களும் இப்ப பொய் எறும்பு வரைய ஆரம்பிச்சிட்டீங்க" என்றாள் நாத்தனார். "போதும் அண்ணி. நம்ம வீட்டுக்கு ஒரு பொய் எறும்பு போதும். தொடைச்சிடுங்க."

பஞ்சக்கா புதிதாகப் பஞ்சைச் சுற்றினாள். சுற்றிய குச்சியை வாய்க்குக் கொண்டுபோகாமல் நீட்டினாள்.

"உன் எறும்பு. நீயே தொடை."

நாத்தனார் குச்சியைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பஞ்சை நாக்கில் வைத்தாள். பிறகு குனிந்து எறும்பின்மேல் தேய்க்கப் போனாள்.

"தேய்க்காதடி. உருட்டு."

"ஆபீஸ்ல மேடம்னு கூப்பிடணும்."

"உருட்டுடி, மேடம்."

இயக்குநர் உருட்டினாள்.