பசுமைக்குடிலில் விட்டுவந்த பழம்

ஆர்க்கிட்டை எனக்குப் பிடிக்காது. மணமில்லாததைப் பூ என்று ஒப்புக்கொள்ள என்னால் முடிந்ததில்லை. என் தங்கை டீச்சர் வேலையை விட்டுவிட்டு, அகரத்தில் அதற்கென்று பசுமைக்குடில் போட்டபோது, "ஏண்டி, உனக்குக் கிறுக்கா?" என்றே கேட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பார்க்கப் போனேன். வெறுங்கையோடு போகும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நன்றாகக் கனிந்த சிறுமலைப் பழம் இரண்டு சீப்பு பையில் இருந்தது. குடில் வாசலிலேயே தங்கை மறித்தாள்.

"பழத்த வெளிய வச்சிட்டு வாக்கா. பழுத்த பழம் பக்கத்துல இருந்தா பூ வாடிரும், மொட்டு உதிந்துரும். வெள்ளிக்கிழம கல்யாண மேடைக்கு மொத ஆர்டர் போகுது. இது நல்லாப் போனாத்தான் அடுத்து கூப்பிடுவாக."

எனக்குச் சுருக்கென்றது. நான் கொண்டுபோன பழத்தை வாசலில் வை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் போன் பேசத் திரும்பிய நேரம் பையை முந்தானைக்குள் மறைத்தபடி உள்ளே நுழைந்தேன்.

நுழைந்ததும் குமட்டியது. ஈரத்துணி மூட்டைக்குள் தலையை விட்டது போலப் புழுக்கம். உரத்துக்காக மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரின் நாற்றம் தொண்டை வரை இறங்கியது. செடிகளைக் கட்டிவைத்திருந்த தேங்காய் மட்டைகளில் நத்தைகள் ஊர்ந்த பிசுபிசுப்பு. வேர்களோ மண்ணில் இல்லை. வெளுத்த புழுக்களாக அந்தரத்தில் தொங்கின. ஒன்று கழுத்தில் உரச, உடம்பெல்லாம் கூசிவிட்டது.

பின்னாலேயே வந்த தங்கை பெருமையோடு ஒரு கொத்தைக் காட்டினாள். "இது பூத்து நாப்பது நாளாச்சுக்கா!"

நாற்பது நாள் வாடாத பூ. அதுவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. இம்புட்டு நாள் நிற்பது ஒரு வாழைப்பழத்துக்கா செத்துவிடும்? கொண்டு போனதைத் திரும்பத் தூக்கி வருவதும் எங்கள் வழக்கமில்லை. அவள் பார்க்காதபோது, பூத்திருந்த வரிசைக்கு அடியில் பையைத் தள்ளிவிட்டேன். வெறும் வீம்பு, வேறொன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவளே போன் செய்தாள். "கல்யாண வீட்டுல வேற எடத்துல பூ வாங்கிக்கச் சொல்லிட்டேன்க்கா." அவ்வளவுதான் சொன்னாள்.

உடனே ஓடினேன். அந்த வரிசை முழுக்க மொட்டுகள் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தன. பூக்கள் ஈரக் காகிதமாகச் சுருண்டிருந்தன. அடியில் பை இல்லை. நான் தேடுவதை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"நாந்தாண்டி வச்சேன்" என்றேன்.

"தெரியும்க்கா. நேத்துத்தான் பாத்தேன்." உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து கொடுத்தாள். அலசிக் காயவைத்திருந்தாள். "பழம் நல்லா இருந்துச்சு. வேலைக்கு வந்தவுக சாப்ட்டாக."

பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் எங்கள் வீட்டில் கிடையாது. பைக்குள், வாடாமல் தப்பிய ஒரே ஒரு கொத்து இருந்தது. எனக்கு என்மேலேயே குமட்டியது.