அடுத்து வரும் படம்

போன வருடம் ஆடி மாதம். அரியமங்கலத்தில் நான் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்த பட்டறையை வெளியூர் முதலாளி ஒருவர் வாங்கினார். வந்த கையோடு ஒரு அறிவிப்பு: எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் தேர்வு. நல்ல மார்க் வாங்கினால் வேலை தொடரும். இல்லாவிட்டால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுப்பவனுக்கு அப்படி என்ன பெரிய தேர்வு என்று சிரித்துக்கொண்டே ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்து, மாதிரித் தாளை போனில் திறந்தேன். சிரிப்பு அத்தோடு நின்றது.

எழுத்தே இல்லை. கட்டத்துக்குள் ஒரு அம்பு, ஒரு முக்கோணம், சில புள்ளிகள். அடுத்த கட்டத்தில் அம்பு திரும்பியிருக்கிறது, புள்ளி கறுத்திருக்கிறது. நாலு கட்டம் தாண்டி ஒரு கேள்விக்குறி: அடுத்து வரும் படம் எது? அம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க போனைத் திருப்பினால், போனும் படத்தைத் திருப்பி நேராக வைத்துவிடும். வேறு வழியில்லாமல் தலையைச் சாய்த்துப் பார்க்கப் பழகினேன். டவுன் பஸ் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர், "கழுத்து சுளுக்கா சார்? உறையூர்ல ஒருத்தர் நல்லா உருவி விடுவாரு" என்றார்.

அந்தச் சுளுக்கை எடுத்தது என் மகள். கல்லூரியில் படிக்கிறாள். கேம்பஸ் இன்டர்வியூவுக்காக இதையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தாள்.

"படத்தை மொத்தமா பாக்காதீங்கப்பா. ஒரே ஒரு பொருளைப் பிடிச்சுக்குங்க, அது கட்டத்துக்குக் கட்டம் என்ன ஆகுதுன்னு பாருங்க. ஒழுங்கே இல்லாம மாறுச்சுன்னா அது சும்மா நம்மளை ஏமாத்த வெச்சது. விட்டுடுங்க."

"உங்கம்மாவும் அப்படித்தான், மீசையை மட்டும் பாத்து என்னைக் கட்டிக்கிட்டா."

"பயம் வந்தா ஜோக் அடிப்பீங்க, தெரியும். அடுத்ததைப் போடுங்க."

தேர்வன்று ஏசி ஹாலில் சட்டை நனைய உட்கார்ந்தேன். அம்பைப் பிடித்தேன், புள்ளியை விட்டேன். கடைசியில் திரையில் மார்க் வந்தது. இருபதுக்குப் பதினேழு! எங்கள் ஃபோர்மேனுக்கு என்னைவிட ஒன்று கூட. டெஸ்பாட்ச்சில் இருந்த இளைஞனுக்கு ஏழுதான். "நான் காலிண்ணே" என்று முகத்தைத் தொங்கப் போட்டான். நான்தான் பெரிய மனிதன் மாதிரி தட்டிக்கொடுத்தேன்.

பிறகு எல்லோரையும் வராந்தாவில் உட்கார வைத்தார்கள். கோடியில் ஒரு மேஜை. சின்ன வயது அதிகாரி ஒருவன் தாள் ஒன்றைக் கொடுத்துப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்வான். பிறகு கை காட்டுவான். இடது கதவு, வேலையில் தொடர்கிறவர்களுக்கான பயிற்சி அறை. வலது கதவு, கணக்கு முடிக்கும் அறை. ஏழு மார்க்காரன் இடது பக்கம் போனான். ஃபோர்மேன் வலது பக்கம் போனார். பழுப்புக் கவரோடு வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார்.

எனக்குத் தலை சுற்றியது. இன்னொரு நல்ல மார்க் இடது பக்கம் போயிற்று. இன்னொன்று வலது பக்கம். மார்க் ஒழுங்கே இல்லாமல் மாறியது. மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. மார்க்கை விட்டேன். வேறு எதைப் பிடிப்பது என்று பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: அந்தத் தாளைப் படிக்கச் சட்டைப் பையிலிருந்து வெள்ளெழுத்துக் கண்ணாடியை எடுத்தவர் எல்லோரும் வலது பக்கம் போனார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை.

உடனே நான் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிக்பாக்கெட் போல என் கண்ணாடியை நைசாகப் பேன்ட் பைக்குள் தள்ளினேன். அது என் பிறந்த தேதியையும் சேர்த்து மறைத்துவிடும் என்று நினைப்பு!

என் முறை வந்தது. தாளில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. கையை நீட்டினேன், இன்னும் நீட்டினேன். கையின் நீளம் தீர்ந்துபோயிற்று.

"வெளிச்சம் கம்மியா இருக்கு தம்பி" என்றேன். தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"கண்ணாடி இருந்தா போட்டுக்குங்க சார். அவசரமில்ல" என்றான் அவன், மரியாதையாக.

பேன்ட் பையைத் துழாவி எடுத்து மாட்டினேன். வரிசையில் அடுத்து வர வேண்டிய படத்தை நானே வரைந்து கொடுத்தாயிற்று. அவன் குனிந்தபடியே, "மார்க் நல்லா வாங்கியிருக்கீங்க சார்" என்று சொல்லிவிட்டு வலது பக்கம் கை காட்டினான்.

சாயங்காலம் வாசலிலேயே மகள் கேட்டாள், "எவ்வளவுப்பா?"

"ஒன்பது" என்றேன். இதே மாதிரித் தேர்வுகளை நம்பி அவள் உட்கார வேண்டியிருந்தது. மார்க்கும் ஏமாற்றுப் புள்ளிதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் கண் கலங்கிவிட்டது. "நான் இன்னும் பொறுமையா சொல்லிக் குடுத்திருக்கணும்பா" என்றாள்.

இப்போது ஸ்ரீரங்கத்திலேயே ஒரு ஹார்ட்வேர் கடையில் அதே நட்டையும் போல்ட்டையும் எண்ணுகிறேன். மகள் சாப்பாட்டு மேஜையில் அம்புகளைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பத்திரிகையைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு கணக்கையும் முடித்துவிட்டு அவள் நிமிர்ந்து, "சரியாப்பா?" என்று கேட்கும்போது, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டுதான் "சரிம்மா" என்று சொல்ல முடிகிறது.